ஆளுக்கு முன் வேலை: நூற்பாலையில் உடல்நல மதிப்பீடு

நூற்பாலைகளில் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவ முகாம் நடப்பது வழக்கமாகிவிட்டது. கேன்டீனில் மேசை போட்டு, ஷிஃப்ட் முடிந்து வருபவர்களை வரிசையில் நிறுத்தி, உயரம், எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கண்பார்வை என்று பார்க்கிறார்கள். சில ஆலைகளில் மார்பு எக்ஸ்ரேயும் உண்டு. மிக்சிங்கில் பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுபவர், ரிங் ஃபிரேமில் எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருக்கும் சைடர், பேக்கிங்கில் கோன் மூட்டை அடுக்குபவர், அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர் எல்லோருக்கும் ஒரே சீட்டு, ஒரே பரிசோதனை. முடிவுகள் ஒரு கோப்பில் சேர்கின்றன. தணிக்கைக்கு வருபவர் கேட்டால் அந்தக் கோப்பு வெளியே வரும், பிறகு உள்ளே போகும். இந்த ஏற்பாட்டில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பணமும் செலவாகிறது. ஆனால் ஆலையில் செய்யும் வேலை அங்கிருப்பவர்களின் உடம்பை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அந்தக் கோப்பில் பதில் கிடைக்காது. அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் காரணம். பணியிட உடல்நல மதிப்பீடு வேலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இந்த இயலின் வாதம். எந்தப் பிரிவில் எது உடம்பைத் தாக்கக்கூடும் என்று முதலில் கண்டறிந்து, அதற்கேற்ற பரிசோதனையைத் தேர்ந்து, முடிவு வந்ததும் வேலையில் எதை மாற்றுவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்த பிறகுதான் தொழிலாளியின் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்ற வேண்டும்.

பஞ்சுத் தூசியை எடுத்துக்கொள்வோம். அதனால் வரும் மூச்சுநோய்க்கு மருத்துவத்தில் பிசினோசிஸ் என்று பெயர். புளோ ரூம், கார்டிங் போன்ற தூசி மிகுந்த பிரிவுகளில் இதற்கான வாய்ப்பு அதிகம். பஞ்சோடு கலந்து வரும் இலைச் சருகிலும் காய்த்தோல் துணுக்கிலும் வளரும் பாக்டீரியாக்களின் நச்சு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. நோயின் தொடக்க அடையாளம் விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு திணறும். அடுத்தடுத்த நாட்களில் அது தணிந்துவிடும். அடுத்த விடுமுறை முடிந்ததும் மறுபடி வரும். 1950களில் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங், எப்போதாவது ஒரு முதல் நாளில் வருவது, ஒவ்வொரு முதல் நாளும் வருவது, மற்ற நாட்களுக்கும் பரவுவது, கடைசியில் நுரையீரல் நிரந்தரமாகப் பாழாவது என்று இதைப் படிநிலைகளாகப் பிரித்தார். முதல் படிகளில் பிடித்துவிட்டால், தூசியிலிருந்து விலக்கி ஆளைக் காப்பாற்றலாம். கடைசிப் படியில் செய்வதற்கு அதிகம் இல்லை. இந்த நோய்க்கென்று தனித்த அடையாளம் எதுவும் மார்பு எக்ஸ்ரேயில் தெரியாது. வாரத்தின் நடுவில், ஏதோ ஒரு நாளில், ஷிஃப்ட் முடிந்த களைப்பில் எடுக்கும் ஒற்றைப் பரிசோதனையிலும் அது சிக்காது. ஆக, முகாமில் எல்லா ‘நார்மல்’ முத்திரைகளையும் வாங்கிக்கொண்டு ஒருவர் ஆண்டுக்கணக்கில் நுரையீரலை இழந்துகொண்டே இருக்க முடியும்.

வேலையிலிருந்து தொடங்கினால் பரிசோதனையின் நேரமே மாறிவிடும். ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லி, முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவைப் பார்ப்பது இங்கே அடிப்படை. அதை விடுமுறைக்குப் பிந்தைய முதல் நாளில், ஷிஃப்ட் தொடங்கும் முன் ஒருமுறையும், வேலை தொடங்கி நான்கு மணி நேரத்துக்குப் பிறகு இன்னொரு முறையும் எடுக்க வேண்டும். அமெரிக்காவின் பஞ்சுத்தூசி விதி, முதல் ஊதலுக்கு முன் குறைந்தது 35 மணி நேரம் தூசி படாமல் இருந்திருக்க வேண்டும் என்கிறது. இரண்டு அளவுகளுக்கும் இடையே 5 சதவீதமோ 200 மில்லிலிட்டரோ குறைந்தால், அந்தத் தொழிலாளியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. நம் ஆலைகள் பல வாரம் ஏழு நாளும் ஓடுகின்றன. வார விடுமுறை ஆளுக்கு ஆள் மாறும். எனவே ‘திங்கட்கிழமை’ என்று ஒரே நாளைக் குறித்துவிட முடியாது. ஒவ்வொருவரின் விடுமுறைப் பட்டியலைப் பார்த்து, திரும்பும் நாளைக் குறிக்க வேண்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஆலையை மூடித் திறக்கும் நாள் இதற்கு மிகப் பொருத்தம், ஏனெனில் நுரையீரல் சில நாட்களாவது தூசியின்றி ஓய்ந்திருக்கும். ‘பீடி குடிக்கிறார்கள், அதனால்தான் இருமல், ஆலையைக் குறை சொல்லாதீர்கள்’ என்ற வாதத்துக்கும் இந்த முறையிலேயே பதில் இருக்கிறது. புகைப்பழக்கம் பிசினோசிஸை மோசமாக்கும் என்பது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் காலையிலும் பிற்பகலிலும் ஊதுபவர் ஒரே மனிதர். அவருடைய பழக்கம், வயது, உயரம், வம்சம் எதுவும் அந்தச் சில மணி நேரத்தில் மாறவில்லை. மாறியது அவர் சுவாசித்த காற்று.

வேலையை மாற்றினால் உடல்நலம் மாறும் என்பதற்கும் சான்று இந்தத் தொழிலிலேயே உள்ளது. 1978இல் அமெரிக்க அரசு, நூற்கும் பிரிவுகளின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத்தூசி இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்தது. ஆலை உரிமையாளர்கள் செலவு தாங்காது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1981இல் நீதிமன்றம் விதியை உறுதிசெய்தது. இயந்திரங்களுக்கு மூடியும் உறிஞ்சு குழாயும் வந்தன, காற்று வடிகட்டப்பட்டது, அந்த நாட்டில் பிசினோசிஸ் அரிதாகிப் போனது. யாருக்கும் மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்தி அது நடக்கவில்லை. மதிப்பீட்டின் முடிவு முகக்கவசம் கொடுப்பதோடு நின்றுவிடக்கூடாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடலாம். ஈரப்பதமும் வெப்பமும் கூடிய இடத்தில் எட்டு மணி நேரம் முகத்தை இறுக மூடி வைத்திருக்க யாராலும் இயலாது. சில நிமிடங்களில் அது தாடைக்கு இறங்கிவிடும். கவசம் இடைக்கால ஏற்பாடு. உறிஞ்சு குழாயின் அடைப்பைச் சரிசெய்வதும், அழுத்தக் காற்றடித்துச் சுத்தம் செய்வதை நிறுத்தி உறிஞ்சியெடுப்பதும்தான் உண்மையான வைத்தியம்.

இதே கண்ணோடு மற்றப் பிரிவுகளையும் ஒருமுறை நடந்து பாருங்கள். பாதுகாப்பு அலுவலரும், பிரிவு மேஸ்திரியும், அந்த வேலையைச் செய்யும் இருவரும் கூட வர வேண்டும். ரிங் ஃபிரேம், ஆட்டோகோனர் பகுதிகளில் இரைச்சலை அளக்க வேண்டும். எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபலைத் தாண்டினால் அங்கே வேலை செய்வோருக்குக் கேட்கும் திறன் பரிசோதனை தேவை. அதையும் கேன்டீன் மூலையில் செய்து பயனில்லை. வெளியே இயந்திரம் ஓடும் ஓசையே காதை மறைத்துவிடும். ஷிஃப்ட் முடிந்த கையோடு செய்தாலும் தவறு, தற்காலிக மந்தத்தை நிரந்தர இழப்பாகக் காட்டும். இரைச்சலிலிருந்து 14 மணி நேரமாவது விலகியிருந்தவரை, அமைதியான அறையில், காலையில் சோதிக்க வேண்டும். இரைச்சலால் வரும் இழப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளமாகத் தெரியும். பேச்சுக் கேட்பதில் சிரமம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது தெரிந்துவிடும் என்பதால், ‘எனக்கு நன்றாகக் காது கேட்கிறது’ என்று தொழிலாளி சொல்வதை வைத்துப் பரிசோதனையைத் தவிர்க்கக்கூடாது.

வெப்பத்தைச் சுவரில் தொங்கும் சாதாரண வெப்பமானியால் மதிப்பிட முடியாது. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஈரப்பதத்தைக் கூட்டி வைத்திருக்கும் இடம் நூற்பாலை. வியர்வை உலராத காற்றில் உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள முடியாது. அதனால் ஈரக்குமிழ் வெப்பத்துக்கு 70 சதவீதமும், கருங்கோள வெப்பமானி காட்டும் அளவுக்கு 30 சதவீதமும் எடை கொடுத்துக் கணக்கிடும் குறியீடு கூரையின்கீழ் நடக்கும் வேலைக்குப் பொருந்தும். அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி தண்ணீரைப் பற்றியது அல்ல, கழிவறையைப் பற்றியது. போய்வர மேஸ்திரியின் அனுமதி வேண்டும், ஆள் மாற்றிவிட யாரும் இல்லை என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். பிறகு வரும் சிறுநீர்த்தொற்றையும் தலைசுற்றலையும் மருத்துவர் நோயாகப் பார்ப்பார், நீங்கள் அதைப் பணி ஒழுங்கின் விளைவாகப் பார்க்க வேண்டும். நின்றும் நடந்தும் செய்யும் வேலைக்குக் கால் பரிசோதனை எளிது: காலணியைக் கழற்றச் சொல்லி, வீக்கத்தையும் சுருண்ட நரம்பையும் கண்ணால் பார்த்தாலே போதும். உட்கார இருக்கை தருவது சலுகை என்று நினைப்பவர்களுக்கு, கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை கட்டாயம் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததை நினைவூட்டலாம். சைடருக்கும் ஃபிரேம் முனையில் ஒரு முக்காலி வைக்க இடமிருக்கிறது.

உடற்தகுதி என்ற சொல்லைப் பலர் எடை, இடுப்பளவு, உடற்பயிற்சி என்று புரிந்துகொள்கிறார்கள். மேசை வேலைக்கு அது ஓரளவு பொருந்தும். உடலுழைப்புக்குப் பொருந்தாது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் மக்கள்தொகையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஆய்வு, ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களுக்கு இதயநோய் குறைவதையும், வேலையில் கடுமையாக உழைப்பவர்களுக்கு அது கூடுவதையும் காட்டியது. ஓய்வு நேர நடையை நாமே தொடங்குகிறோம், களைத்தால் நிறுத்துகிறோம். மூட்டை தூக்குவதை நிறுத்தும் அதிகாரம் தூக்குபவருக்கு இல்லை. இதயத் துடிப்பு மணிக்கணக்கில் உயர்ந்தே இருக்கிறது, மீள நேரம் கிடைப்பதில்லை. எனவே பேக்கிங் பிரிவில் இருப்பவருக்கு ‘தினமும் நடங்கள்’ என்ற அறிவுரைச் சீட்டைக் கொடுப்பது அவரைப் புரிந்துகொள்ளாததன் அடையாளம். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் தூக்கும் எடைச் சூத்திரம், எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக இருந்தால்கூட ஒருவர் தூக்கத்தக்க எடையை 23 கிலோவில் தொடங்குகிறது. குனிந்து, திரும்பி, அடிக்கடி தூக்கினால் அது இன்னும் குறையும். ஒரு கோன் மூட்டை 50 கிலோ. அதைத் தூக்க முடிகிறவரைத் தேடிப் பிடிப்பதைத் தகுதிப் பரிசோதனை என்று சொல்லக்கூடாது. மேசையின் உயரத்தையும் தள்ளுவண்டியையும் ஆள் எண்ணிக்கையையும் சரிசெய்த பிறகு எஞ்சும் வேலைக்கு எத்தகைய உடல்வலு தேவை என்று கேட்பதே தகுதிப் பரிசோதனை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். பொதுப் பரிசோதனையில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தெரியவருகிறதே, அது நல்லதுதானே? மேலோட்டமாகப் பார்த்தால் ஆய்வுகள் இதற்கு எதிராகவே இருக்கின்றன. 17 சோதனைகளை, சுமார் இரண்டரை லட்சம் பேரை உள்ளடக்கிய காக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு, பொதுப் பரிசோதனைகளால் மரண விகிதம் குறையவில்லை என்று முடிவு கூறியது. ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கே வேறு காரணத்துக்காக மருத்துவரிடம் போகும்போதே அழுத்தம் பார்க்கப்பட்டுவிடுகிறது. இங்கே நிலைமை அப்படியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. ஷிஃப்ட் வேலையில் இருப்பவர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, எந்த வலியும் இல்லாதபோது மருத்துவமனை வரிசையில் நிற்க மாட்டார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு பணியிடங்களுக்கும் நீட்டித்ததன் நியாயம் இதுதான். பெண்கள் மிகுந்த ஆலைகளில் ஹீமோகுளோபின் பார்ப்பதும் கட்டாயம் தேவை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உண்டு. ஆகவே பொதுப் பரிசோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. அதை அதன் பெயரால் அழையுங்கள். அது பொதுச் சுகாதாரப் பணி, மாத்திரை தொடர்ந்து கிடைக்க வழி செய்தால் மட்டுமே பலன் தரும். அதைச் செய்துவிட்டு, பணியிடத்தை மதிப்பிட்டுவிட்டோம் என்று எழுதிவைப்பதுதான் தவறு.

நலவாழ்வுத் திட்டங்கள் என்று விற்கப்படும் நடைப்போட்டிகள், எடைக்குறைப்புச் சவால்கள், செயலிகள் குறித்தும் இதே எச்சரிக்கை தேவை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் நலத்திட்டத்தைக் கொடுத்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி மருத்துவச் செலவிலும் விடுப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதைவிட முக்கியமானது இன்னொரு கண்டுபிடிப்பு: திட்டத்தில் விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள் சேர்வதற்கு முன்பே மற்றவர்களைவிட ஆரோக்கியமானவர்கள். எனவே, சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டால் திட்டம் வெற்றி பெற்றதுபோலவே தெரியும். நடைப்போட்டியில் கலந்துகொண்டவர்கள் குறைவாக விடுப்பு எடுத்திருக்கிறார்கள் என்று யாராவது வரைபடம் காட்டினால், போட்டிக்கு முந்தைய ஆண்டில் அவர்கள் எடுத்த விடுப்பைக் கேளுங்கள்.

யாரை எண்ணுகிறோம், யாரை எண்ணாமல் விடுகிறோம் என்ற இந்தச் சிக்கல் உடல்நல மதிப்பீடு முழுவதிலும் ஒளிந்திருக்கிறது. லண்டன் பேருந்துகளில் ஓட்டுநர்களுக்கு நடத்துநர்களைவிட இதயநோய் அதிகம் என்று ஜெரி மோரிஸ் 1953இல் எழுதியது புகழ்பெற்றது. ஒரே பேருந்து, ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் மாடிப்படி ஏறி இறங்குகிறார். மோரிஸ் அதோடு நிற்கவில்லை. 1956இல் சீருடைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, வேலையில் சேரும் வயதிலேயே ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது தெரிந்தது. ஆக, வித்தியாசத்தில் ஒரு பங்கு வேலையால் வந்தது, ஒரு பங்கு ஆளோடு வந்தது. சீருடைக் கணக்கு என்ற ஒன்று இருந்ததால்தான் இதைப் பிரித்தறிய முடிந்தது. சேரும் நாளில் ஒவ்வொருவருக்கும் மூச்சளவும் கேட்கும் அளவும் பதிந்து வைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. அந்த முதல் அளவு இல்லாமல், ஐந்து ஆண்டு கழித்து வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. மறுமுனையும் முக்கியம். உடம்புக்கு முடியாதவர்கள் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள், எஞ்சியிருப்பவர்கள் திடமானவர்கள். இருப்பவர்களை மட்டும் சோதித்தால் எந்த ஆலையும் ஆரோக்கியமாகவே தெரியும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் நூற்பாலையில் இந்தப் பிழை இன்னும் பெரிது. எனவே கணக்கை முடித்துக்கொண்டு போகிறவரிடம் மூச்சுப் பரிசோதனை ஒன்றும், ஏன் போகிறீர்கள் என்ற கேள்வியும் இருக்கட்டும். பிரிவுவாரியாக அந்தப் பதில்களை அடுக்கினால், முகாம் கோப்பு சொல்லாததை அது சொல்லும்.

சிறிய ஆலைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்கள் காசில்லாமல் தொடங்கலாம். முதலுதவி அறையில் மாத்திரைப் பதிவேடு இருக்கிறது. யார், எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட், என்ன மாத்திரை என்று ஏற்கெனவே எழுதப்படுகிறது, அல்லது எழுதப்பட வேண்டும். கடந்த ஓராண்டுப் பக்கங்களைப் பிரிவுவாரியாகக் கூட்டிப் பாருங்கள். தலைவலி மாத்திரை மூன்றாம் ஷிஃப்ட்டில் குவிகிறதா, இடுப்புவலித் தைலம் பேக்கிங்குக்கே போகிறதா, மாதவிடாய் வலிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது தெரியும். 2019இல் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரும் காலாவதி நாளும் இல்லாத மாத்திரைகள் பெண்களுக்குத் தரப்பட்டதாகச் செய்தி வெளியானது. மாத்திரை கொடுத்து இயந்திரத்துக்குத் திருப்பி அனுப்புவது எளிது, ஓய்வெடுக்க இடமும் நேரமும் தருவது உற்பத்திக் கணக்கில் இடிக்கும் என்ற நினைப்பே அங்கே வேலை செய்தது. ஒரு நாளில் எத்தனை வலிமாத்திரை போகிறது என்ற எண்ணிக்கையைவிட நேர்மையான நலக் குறியீட்டை எந்த ஆலோசகரும் உங்களுக்கு விற்க முடியாது. அடுத்த படியாக, மூச்சும் இருமலும் குறித்த கேள்விப்பட்டியலைத் தூசிப் பிரிவுகளில் மட்டும் கேட்கலாம். ஸ்பைரோமீட்டரைச் சில ஆலைகள் சேர்ந்து பகிர்ந்துகொள்ளலாம். எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் என்பதை விட்டால் மிச்சமாகும் பணமே இதற்குப் போதும்.

மனநலத்தை அளப்பதில் இன்னும் கவனம் வேண்டும். லண்டனின் வைட்ஹால் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஆய்வு, கீழ்ப்படியில் இருந்தவர்களுக்கு இதயநோய் மரணம் மேல்படியைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று கண்டது. புகை, கொழுப்பு, அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி எஞ்சியது. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாத நிலைக்கும் இதயநோய்க்கும் தொடர்பைக் காட்டியது. ஆலைக்கு இதன் பொருள் நேரடியானது. ‘மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா’ என்று கேட்பதைவிட, ஷிஃப்ட் மாற்றத்தை எத்தனை நாள் முன்னதாகச் சொல்கிறார்கள், எத்தனை ஃபிரேம் பார்க்கச் சொல்கிறார்கள், விடுதியில் இருப்பவர் வீட்டோடு எப்போது பேசலாம், மேஸ்திரி கத்தினால் யாரிடம் சொல்வது என்று கேட்பது பயன் தரும். நலவாழ்வை எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் பட்டியல் போதும். கடந்த இரண்டு வார மனநிலையைக் கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் அதைப் பெயரின்றி, பிரிவின் பெயரோடு மட்டும் நிரப்பச் செய்யலாம். பத்துப் பேருக்குக் குறைவான பிரிவின் முடிவைத் தனியே வெளியிடக்கூடாது, ஆள் தெரிந்துவிடும். ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்தவர்களிடம் அவர்கள் மொழியில் கேட்க வேண்டும். மேற்பார்வையாளர் வாசித்துப் பதில் வாங்குவதாக இருந்தால் கேட்காமலே விடலாம். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் பட்டியலை ஆலை நிர்வாகம் பெயரில்லாமல் விநியோகிக்கக் கூடாது. அதன் கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. ‘ஆம்’ என்று எழுதியவர் யார் என்று தெரியாமல் தாள்களைக் கூட்டிக்கொண்டிருப்பது கொடுமை. அந்தப் பட்டியல் மருத்துவர் நேரில் கேட்பதற்கானது. ஆனால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை விடுதிச் சுவரிலும் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் எழுதிவைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இவ்வளவு செய்தாலும், உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை தொழிலாளி நெஞ்சு இறுகுவதைச் சொல்ல மாட்டார். அந்தப் பயம் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. எனவே மருத்துவருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே ஒரு கோடு போட வேண்டும். நோயின் பெயர் மருத்துவரிடமும் தொழிலாளியிடமும் மட்டும் இருக்கும். நிர்வாகத்துக்கு வரும் சீட்டில் மூன்றில் ஒன்றுதான் எழுதப்பட்டிருக்கும்: இந்த வேலைக்குத் தகுதி, இன்னின்ன மாற்றத்தோடு தகுதி, தற்போதைக்கு இந்த வேலைக்கு மட்டும் தகுதியில்லை. இரண்டாவது வகையே மதிப்பீட்டின் உயிர். வண்ணப் பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி உதவிப் பொறியாளர் பணி மறுக்கப்பட்ட ஒருவரை நியமிக்குமாறு தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்துக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குறைபாடு இருக்கிறது என்பதோடு நிற்காமல், எந்தப் பொறுப்பில், எந்த ஏற்பாட்டோடு அவர் வேலை செய்ய முடியும் என்று பார்க்கச் சொன்னது. கார்டிங்கில் மூச்சளவு குறைந்தவரைத் தூசியில்லாத பிரிவுக்கு அதே சம்பளத்தில் மாற்றுவது இந்த நியாயத்தின் நீட்சியே. சம்பளம் குறையும் என்றால் அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார். வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. வேலைக்கு வரும் பெண்ணிடம் கர்ப்பப் பரிசோதனை கேட்பதற்கும் எந்த நியாயமும் இல்லை, அந்த முடிவை வைத்து வேலையில் எதையும் திருத்தப் போவதில்லை, ஒருவரை வெளியே நிறுத்த மட்டுமே அது பயன்படும்.

கண்டுபிடித்தால் பொறுப்பு வந்து சேரும், கண்டுபிடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று எண்ணும் நிர்வாகிகளும் உண்டு. வெளியே சொல்வதில்லை, ஆனால் முகாம் முகாமாகவே நின்றுவிடுவதற்கு இந்த எண்ணம் ஒரு காரணம். சட்டம் அவர்களுக்கு உதவாது. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகள், அபாயகரமான பணியில் இருப்போரை வேலைக்கு முன்பும், வேலையின்போது பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியிலும், விலகிய பின்பும் சோதிக்கச் சொன்னன. பிசினோசிஸும் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் அட்டவணையில் இடம்பெற்றவை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத்தொகுப்பு, குறித்த வயதினருக்கும் பிரிவினருக்கும் ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனையை முதலாளியின் கடமையாக்கியுள்ளது. நோய் இருந்தும் பதிவு இல்லை என்றால், தேடவே இல்லை என்பது நிரூபணமாகும். முதல் அளவு, ஆண்டு அளவு, தூசி அளவு, செய்த திருத்தம் என்று வரிசையாகப் பதிவு வைத்திருப்பவருக்கு நீதிமன்றத்திலும் சொல்ல ஏதாவது இருக்கும்.

ஆகவே இந்த ஆண்டு முகாமுக்குத் தேதி குறிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, பிரிவின் பெயர், அங்கே உடம்பைத் தாக்குவது, அதற்கான பரிசோதனை, அதை எடுக்கும் நாளும் நேரமும், இந்த எண்ணைத் தாண்டினால் நாம் மாற்றப்போவது, மாற்றும் பொறுப்புள்ளவர் என்று ஆறு பத்திகள் கோடு போட்டு நிரப்புங்கள். ஐந்தாவது பத்தியில் எழுத எதுவும் இல்லாத பரிசோதனையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பொதுப் பரிசோதனைகளைத் தனித் தாளில், எந்த மருத்துவமனையில் தொடர்சிகிச்சை என்ற குறிப்போடு வையுங்கள். முடிவுகள் வந்த இரண்டு வாரத்துக்குள் பிரிவுவாரி எண்ணிக்கையையும் செய்யவிருக்கும் திருத்தத்தையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். திருத்தம் முடிந்த தேதியை எழுத அதே தாளில் இடம் விட்டு வையுங்கள். அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று தினமும் பார்க்கப்போகிறவர்கள், ஊதிக் காட்டியவர்கள்தான்.